சூரியனா, விண்மீனா? சேர்வராயன் மலைப்பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏற்காட்டிலோ சேலத்திலோ இருந்துகொண்டு இயற்பியலில் எம்.எஸ்சி. முடிக்கும் பிள்ளைகளில் பலர், வானியல் ஆராய்ச்சி என்றாலே பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போனால்தான் கண்ணில் படும் என்று நினைக்கிறார்கள். வடக்கே ஜவ்வாது மலையில் காவலூர், தெற்கே பழனி மலையில் கொடைக்கானல், மேற்கே நீலகிரியில் ஊட்டி. மூன்றிலும் ஆய்வுக்கூடங்கள் இயங்குகின்றன. மூன்றும் சேர்வராயன் மலையிலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் இருக்கின்றன. எந்தத் துறையில் முனைவர் பட்டம் செய்யலாம் என்று யோசிப்பவர்கள், விண்ணப்பம் போடுவதற்கு முன் இவற்றில் ஒன்றையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பேன்.

ஐந்தாண்டு எந்த வகைத் தரவோடு பழகப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சூரியனா விண்மீனா என்பது அதிலிருந்து தானாகத் தெளியும்.

கொடைக்கானலில் இருந்து தொடங்கலாம். 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் அது. சூரியப்புள்ளியின் மங்கலான விளிம்பில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டது இங்கேதான். இன்றும் அந்த ஓட்டம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ஆராய்ச்சி மாணவருக்கு இங்குள்ள பெரிய சொத்து கண்ணாடித் தகடுகள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே தொடங்கி 2007 வரை, கால்சியத்தின் கே கோட்டு ஒளியில் மட்டும் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். படமெடுக்கும் கருவியின் முதல் பிளவு சூரியனின் மெல்லிய கீற்று ஒன்றை மட்டும் உள்ளே விடும்; நிறமாலையாக விரிந்த அந்த ஒளியில் 393.3 நானோமீட்டர் அருகிலுள்ள பகுதியை மட்டும் இரண்டாவது பிளவு தகட்டுக்கு அனுப்பும். கீற்று கீற்றாக முழு வட்டமும் பதிவாகும். காந்தப்புலம் வலுவான இடங்கள் அதில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். ஒன்பது சூரியச் சுழற்சிகளுக்கு மேல் தொடர்ச்சியாகக் கிடைக்கும் இத்தகைய பதிவு உலகில் மிக அரிது. இப்போது தகடுகள் எல்லாம் எண்ம வடிவில் இருக்கின்றன.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். முதல் ஓராண்டு தகட்டுக் கீறல்களோடும், காலத்துக்குக் காலம் மாறிய ஒளிப்பூச்சின் உணர்திறனோடும், விளிம்பை நோக்கி மங்கும் ஒளியைச் சரிசெய்வதோடும் போகும். பொறுமைசாலிகளுக்கு இது சொர்க்கம். மேகம் வந்தாலும் மழை பெய்தாலும் உங்கள் தரவு எங்கேயும் போகாது. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

காவலூரின் கதை வேறு. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கி, 1972-இல் 1 மீட்டர், 1986-இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி என்று வளர்ந்தது. யுரேனஸின் வளையங்கள் 1977-இல் தெரியவந்தபோது அவற்றைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. இங்கே நேரம் கேட்டு முன்மொழிவு எழுத வேண்டும். குழு கூடி ஒதுக்கும். உங்களுக்குக் கிடைத்த மூன்று இரவும் மேகமாகப் போய்விட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஜனவரி முதல் மே வரை வானம் பொதுவாகக் கைகொடுக்கும். தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் வந்துவிட்டால் சிரமம். ஏற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லேடீஸ் சீட் காட்சிமுனையில் இரவு நின்று பாருங்கள்: பனிமூட்டம் இல்லாத நாளில்கூடக் கீழே சேலத்து விளக்குகள் தெற்கு வானத்தின் அடிப்பகுதியை வெளிறச் செய்திருக்கும். மங்கலான விண்மீனைப் பிடிப்பவர்களுக்கு இருட்டு எவ்வளவு பெரிய செல்வம் என்று அங்கேயே புரிந்துவிடும்.

விண்மீன் இயற்பியல் செய்ய இரவு விழிப்பு கட்டாயமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெப்ளர், டெஸ் விண்கலங்கள் அளந்த ஒளி மாற்றங்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் உள்ள நுண்ணிய துடிப்புகளைக் கொண்டு விண்மீனின் உள்ளமைப்பையும் வயதையும் கணிக்கலாம். விண்மீனின் உள்ளமைப்பைக் கணக்கிடும் மெசா போன்ற கணிப்புநிரல்களும் இலவசம்தான். பைத்தான் தெரிந்த ஒருவர் சேலத்தில் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்தே தொடங்கிவிடலாம்.

ஊட்டியில் முத்தோரைக்கு அருகே வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் முடிந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்து அட்சரேகைக்குச் சமமான சரிவுள்ள மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அமைத்ததால், அதன் நீளவாக்கு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது. சூரியக் காற்றைக் கடந்துவரும் தொலைதூர ரேடியோ மூலங்களின் சிமிட்டலை அளந்து அந்தக் காற்றின் வேகத்தை இங்கே கணிக்கிறார்கள். மின்னணுவியலிலும் சிக்னல் செயலாக்கத்திலும் கை உள்ளவர்களுக்குப் பொருத்தமான இடம்.

சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலம் பற்றிக் கேட்காத மாணவர் இல்லை. 2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6-இல் தன் சுற்றுப்பாதையை அடைந்தது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். ஆசை வருவது இயல்பு. ஆனால் புதுக் கருவியின் தரவு சீராகி வெளிவரும் காலம் மாணவரின் கையில் இல்லை; கருவிக்குழுவின் பெரிய பட்டியலில் உங்கள் பெயர் எங்கோ நிற்கும். ஆதித்யாவைத் துணையாக வைத்துக்கொண்டு, ஏற்கெனவே கைக்கு எட்டும் இன்னொரு தரவில் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைக் கட்டுவது பாதுகாப்பு.

இரண்டு பக்கமும் மனம் இழுத்தால் எல்லைக்கோட்டில் நில்லுங்கள். சென்னையில் பிறந்த வைணு பாப்பு, அமெரிக்காவில் ஒலின் வில்சனோடு சேர்ந்து 1957-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நல்ல வழி காட்டுகிறது. விண்மீனின் கால்சிய கே கோடு ஆழமாகக் கறுத்திருக்கும். அதன் அடியில் சின்னதாய் ஒரு ஒளிமேடு எழும். அந்த மேட்டின் அகலத்தை அளந்தால் விண்மீனின் உண்மையான ஒளிர்வு தெரியும். 1960-இல் கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்த அதே பாப்புதான் பின்னர் காவலூரை உருவாக்கினார். சூரியனின் கே கோட்டுத் தகடுகளையும் பிற விண்மீன்களின் கே கோட்டு அளவீடுகளையும் அருகருகே வைத்து, நம் சூரியன் தன் இனத்தில் எவ்வளவு அமைதியானது என்று கேட்பது இன்றும் உயிருள்ள ஆராய்ச்சி. வேலை தேடும்போது இரண்டு துறைக் கதவுகளும் திறக்கும்.

எங்கே சேர்வது? கொடைக்கானலும் காவலூரும் பெங்களூரிலுள்ள இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் கீழ் வருகின்றன. சூரியனுக்கு உதய்ப்பூர், நைனிதாலின் ஏரிஸ், புனேயின் ஐயுகா, கொல்கத்தா ஐசர் ஆகியவையும் உண்டு. ஜெஸ்ட், கேட், சி.எஸ்.ஐ.ஆர். நெட் இவற்றில் ஒன்றைத் தாண்டினால் நேர்முகத் தேர்வுக்கு வழி பிறக்கும். ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டாண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. வீட்டில் "வேலை எப்போது?" என்று கேட்டால் இந்தக் கணக்கை நேராகச் சொல்லுங்கள். பட்டத்துக்குப் பின் பெரும்பாலும் வெளிநாட்டில், இரண்டு மூன்றாண்டு ஒப்பந்த வேலைகள் ஒன்றிரண்டு இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

குடும்பச் சூழலால் ஊரைவிட்டுப் போக முடியாதவர்கள் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலேயே பதிவு செய்யலாம். அப்படியானால், கைடு ஐயுகாவின் வருகைதரு இணை ஆய்வாளரா, ஏதேனும் ஆய்வுக்கூடத்தோடு கூட்டாக எழுதுபவரா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பாதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தனியாக நின்று தவிப்பீர்கள். ஜெர்மனியின் கொட்டிங்கன், போட்ஸ்டாம் போன்ற இடங்களில் முனைவர் மாணவர்களுக்குச் சம்பளம் தருகிறார்கள், எம்.எஸ்சி. ஆய்வுத்திட்டம் வலுவாக இருந்தால் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

எங்கே இடம் கிடைத்தாலும் கையெழுத்துப் போடுமுன் அந்தக் கைடிடம் இப்போது படிக்கும் மாணவர் இருவரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். முதல் கட்டுரை வெளிவர எவ்வளவு காலம் ஆயிற்று, முதல் பெயர் யாருடையது, தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறதா இனிமேல்தான் வர வேண்டுமா, கைடு எந்த ஆண்டில் ஓய்வு பெறுகிறார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்குவார்கள். தயங்காதீர்கள், ஆய்வேடு பாதியில் நிற்கும்போது கைடு மாறினால் ஓராண்டாவது கூடுதலாகப் போய்விடும்.