குறைத்துக் குறைத்து விடலாமா?

வீரமுனையிலோ பக்கத்துச் சம்மாந்துறையிலோ தேத்தண்ணிக் கடையில் சிகரட்டை விடும் பேச்சு எழுந்தால் ஒரு புத்திமதி தப்பாமல் வரும்: “சட்டெண்டு விட்டா உடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்.” இதில் இரண்டு நம்பிக்கைகள் ஒட்டிக்கிடக்கின்றன. திடீரென நிறுத்துவது ஆபத்து என்பது ஒன்று. குறைத்துக்கொண்டே போனால் தானாக விட்டுப்போகும் என்பது மற்றது. முதலாவதைப் பொய்யாக்கும் சாட்சி கல்முனைக் கரையோரத்தில் ஆண்டுதோறும் கிடைக்கிறது. றமழானில் நோன்பு பிடிக்கும் புகைபிடிப்பவர் சஹர் முடிந்ததிலிருந்து மஃரிப் வரை 13 மணித்தியாலத்துக்கும் மேலாக ஒன்றும் பத்துவதில்லை. இரத்தத்திலுள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், நோன்பு திறக்கும் வேளையில் மிகச் சொற்பமே மிஞ்சியிருக்கும். எரிச்சல் வரும், தலை இடிக்கும். உடம்பு தாங்கத்தான் செய்கிறது. நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர் மதுவைத் திடீரென நிறுத்தினால் வலிப்புவரை போகலாம்; அது மெய்யான ஆபத்து. அந்த அச்சத்தைப் புகைக்கும் பொருத்திப் பார்த்ததில் வந்த குழப்பம் இது என்றே எனக்குப் படுகிறது. ஒரேயொரு கவனம் தேவை: தியோபிலின், குளோசப்பின் போன்ற மருந்துகளைப் புகையிலுள்ள இரசாயனங்கள் உடலில் விரைவாகச் சிதையவைக்கின்றன. புகை நின்றதும் அம்மருந்துகளின் அளவு இரத்தத்தில் ஏறும். அவற்றைப் பாவிப்பவர் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது நம்பிக்கையை அவ்வளவு இலகுவாகத் தள்ளிவிட முடியாது. 20 பத்தியவர் 8 ஆக்கினால் 12 குறைந்தது என்று கணக்குப் பார்க்கிறார். உடம்பின் கணக்கு வேறு. மிஞ்சிய எட்டையும் ஆழமாக இழுத்து, அடிக்கட்டை சுடும்வரை பிடித்து, வழமையான நிக்கோட்டினில் பெரும்பகுதியை அது எடுத்துக்கொள்கிறது. மாரடைப்பைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். பிரித்தானிய மருத்துவ இதழில் 2018இல் வந்த பகுப்பாய்வு 141 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நாளுக்கு 20 பிடிக்கும் ஆணுக்கு உள்ள மேலதிக இதயநோய் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருப்பது தெரியவந்தது. நுரையீரல் புற்றுநோயில் குறைப்புக்கு இதைவிடக் கூடிய பலன் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கடையில் ஒவ்வொன்றாக வாங்கி “ரெண்டுதான்” என்று ஆண்டுக்கணக்கில் ஆறுதல்படுபவரின் இதயம் அந்தச் சலுகையைக் காண்பதில்லை.

அப்படியானால் குறைப்பு முழு வீணா? இங்கிலாந்தில் 697 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. இரு பிரிவுக்கும் நிறுத்தும் நாள் குறிக்கப்பட்டது. நிக்கோட்டின் ஒட்டுப்பட்டியும் ஆலோசனையும் கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவினர் அந்த நாளுக்கு முன் இரண்டு வாரம் குறைத்துவந்தனர். மற்றவர்கள் வழமைபோலப் பத்திவிட்டு அன்றே நிறுத்தினர். நான்கு வாரத்தில் ஒரேயடியாக விட்டவர்களில் 49 வீதம், குறைத்தவர்களில் 39 வீதம் விலகியிருந்தனர். ஆறு மாதத்தில் அது 22, 15.5 வீதமானது. இதை வைத்துக் குறைப்பவரைக் கேலி செய்வதும் சரியல்ல. 2019இல் கொக்ரேன் அமைப்பு 51 ஆய்வுகளைத் தொகுத்தபோது, இரண்டு வழிக்கும் இடையில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்ட குறைப்பு, விடுவதற்கான திட்டத்தோடு சேர்ந்தது. நம்மூர்க் குறைப்பில் இல்லாதது அதுதான்: “பாப்பம், குறைச்சு வருவம்” என்பதில் முடிவு நாள் கிடையாது. கல்யாண வீடோ கடன் தொல்லையோ வந்தால் எட்டு மீண்டும் இருபதாகிறது.

“நோன்பு முப்பதும் பகலில் விட்டவனே பெருநாளன்று பத்துகிறானே” என்று கேட்கலாம். பகலில் விட்டதை ஒவ்வொரு இரவும் அவர் மீண்டும் தொடங்கிவிடுகிறார். வேட்கை அடங்க உடம்புக்கு அவகாசமே கிடைப்பதில்லை. விட்டதால் வரும் அவதி முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் தணிகிறது. சம்மாந்துறைக்காரர் தலைநோன்பையே முடிவு நாளாக வைத்து, நோன்பு திறந்த பின்பும் பத்தாமல் இருக்கலாம். பிள்ளையார் பெருங்கதை விரதம் பிடிக்கும் வீரமுனைக்காரருக்கு 21 நாள் ஏற்கெனவே பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆலோசனை தேவைப்பட்டால் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அந்த அழைப்பையும் நாளைக் குறித்த பின் எடுப்பது நல்லது.