பழைய தந்தி பேசுமா?

ஆலங்குளத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன் சென்ற மாதம் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தான். கோயில் கொடைகளில் மெல்லிசைக் குழுவோடு பேஸ் கிதார் வாசித்த அவனுடைய தாய்மாமா இப்போது இல்லை. அவருடைய கிதாரும், அதில் பல்லாண்டுகளாகக் கிடந்த நான்கு கம்பிகளும், பிரிக்காத உறையில் இன்னொரு தொகுதியும் இவனிடம் வந்திருக்கின்றன. "சார், கம்பியெல்லாம் செத்துப் போச்சு, தூக்கிப் போடு என்கிறார்கள் குழுவில். அம்மாவுக்கு மனசு வரவில்லை. கம்பி சாகுமா சார்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. விடையைச் சுரமானியிலிருந்தே தொடங்குவோம்.

இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது: நீளம் (l), இழுவிசை (T), ஓரலகு நீளத்தின் நிறை (m).

n = (1/2l) √(T/m)

பேஸ் கிதார் தாழ்ந்த சுரங்களுக்கான கருவி. 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பேஸ் கிதாரில் அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம், அதாவது 0.864 மீட்டர். இன்றும் பெரும்பாலான பேஸ் கிதார்களின் அளவு இதுவே. அதன் மிகத் தடித்த கம்பி விநாடிக்கு 41.2 முறை அதிர வேண்டும். இழுவிசை 180 நியூட்டன் என்று கொள்வோம். சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: மீட்டருக்கு ஏறத்தாழ 35.5 கிராம் நிறை வேண்டும். 98 ஹெர்ட்ஸ் தரும் மெல்லிய கம்பிக்கு, அதே இழுவிசையில், 6.3 கிராம் போதும்.

35.5 கிராமுக்கு ஒரே எஃகுக் கம்பியைப் போட்டால் அது 2.4 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும். அவ்வளவு தடித்தது கம்பியாக அதிராது. விறைப்பு மிகுந்து, கோலைப் போல அதிரும். அதன் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் சரியான மடங்குகளாக அமையா. ஆகவே மெல்லிய எஃகுக் கம்பியின் மேல் வேறொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். உள்கம்பி இழுவிசையைத் தாங்குகிறது. சுற்றுக்கம்பி நிறையைத் தருகிறது, விறைப்பை அதிகம் கூட்டுவதில்லை. நம் வீணையின் மந்தரக் கம்பியும் இதே முறையில் சுற்றப்பட்டதுதான்.

ஆனால் கிதாரில் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே ஒலியைப் பெருக்கக் குடம் இல்லை. கம்பிக்குக் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. கம்பி அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் மாறி மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலேதான்! எனவே எஃகு, நிக்கல் போன்ற காந்தப் பொருள்களே இங்கே பயன்படும்.

இப்போது பழைய கம்பிக்கு வருவோம். வாசிப்பவரின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தூசியும் சுற்றுகளின் இடுக்கில் புகுகின்றன. இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன.

முதலாவது, உராய்வு. கம்பி வளையும்போது சுற்றுகளுக்கிடையே உள்ள அழுக்கு ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. உயர்ந்த மேற்சுரங்களில் கம்பி குறுகிய வளைவுகளாக, வேகமாக அதிர்வதால் அவையே முதலில் மடிகின்றன. அடிப்படைச் சுரம் நிற்கிறது. 'கணீர்' போய் 'தும்' மிஞ்சுகிறது. பலர் விரும்பும் 'பழைய ஒலி' என்பது இதுதான். டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) அறுந்தாலொழியக் கம்பியை மாற்றமாட்டார் என்பார்கள்.

இரண்டாவது, நிறை. அழுக்கு 2 விழுக்காடு நிறையைச் சீராகக் கூட்டினால் அதிர்வெண் 1 விழுக்காடு குறையும். அது அரைச்சுர இடைவெளியில் ஆறில் ஒரு பங்கே. சற்று முறுக்கிச் சரிசெய்துவிடலாம். ஆனால் விரல் அதிகம் படும் இடத்தில் அழுக்கும், மெட்டில் பட்ட இடத்தில் தேய்மானமும் சேர்ந்தால் நிறை ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறையும். அப்போது மேற்சுரங்கள் முழு மடங்குகளிலிருந்து விலகும். மெட்டுக்கு மெட்டு சுருதி பிசகும். இதற்கு முறுக்குவது மருந்தாகாது. கம்பி 'செத்தது' என்று சொல்லத்தக்கது இந்த நிலையில்தான்.

இதை எப்படிச் சோதிப்பது? கம்பியின் நடுவில், பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே, விரலை மெல்லத் தொட்டு மீட்டி உடனே விரலை எடுங்கள். நடுவில் கணு அமைந்து இரண்டாம் சீரிசை கேட்கும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். குதிரையை நகர்த்தி இங்கே சரிசெய்த பிறகும் ஐந்தாம், ஏழாம் மெட்டுகளில் சுருதி பிசகினால் குற்றம் கம்பியுடையது.

மாணவனும் நானும் நான்கையும் சோதித்தோம். தடித்த கம்பி மட்டும் தேறவில்லை. சிலர் செய்வதுபோல அதைக் கொதிநீரில் பத்து நிமிடம் இட்டு, துடைத்து உலர்த்தினோம். அழுக்குக் கரைந்து கணீரென்றது. ஆனால் பிசகு தீரவில்லை. தேய்ந்த உலோகத்தை வெந்நீர் திருப்பித் தராதல்லவா? பிரிக்காத உறையிலிருந்த கம்பிகளிலோ துருப் புள்ளிகள்! காகித உறை ஈரக்காற்றைத் தடுப்பதில்லை. துருப்பிடித்த இடத்தில் உள்கம்பி மெலிந்திருக்கும். முறுக்கினால் அறுந்து முகத்தில் அடிக்கலாம். ஆகவே, பழமை மட்டுமே ஒரு கம்பியைக் கெடுப்பதுமில்லை. பிரிக்காத உறை அதைக் காப்பதுமில்லை.

மாமாவின் மூன்று கம்பிகளோடு புதிதாக ஒன்றைச் சேர்த்து அவன் அடுத்த கொடைக்கு வாசித்தான். தடித்த கம்பி அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

வீட்டில் வீணை இருந்தால் மேலே சொன்ன சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். இராமன் 1921-இல் வீணை, தம்புராக் கம்பிகளை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அவருக்கு முதற்பொருளாக இருந்ததும் இப்படி ஒரு கம்பியும் கூர்ந்த செவியும்தான்.

சிந்திக்க: தடித்த கம்பியைத் தடிமன் மாற்றாமல் 82.4 ஹெர்ட்ஸுக்கு உயர்த்த எவ்வளவு இழுவிசை வேண்டும்? கிதாரின் கழுத்து அதைத் தாங்குமா?