விரலுக்குத் தட்டாத விளிம்பு: டெகுபாஜ் செய்யும் முறை

பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸில் சீன, ஜப்பானிய அரக்குப் பூச்சுச் சாமான்கள் மீது பெரும் மோகம் இருந்தது. அவற்றை விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்காக அங்கிருந்த கைவினைஞர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அச்சுப் படங்களுக்கு வண்ணம் தீட்டி, வெட்டி, மேஜையிலும் பெட்டியிலும் ஒட்டி, மேலே பல பூச்சு வார்னிஷ் அடித்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது தூரிகையால் வரைந்த ஓவியமாகவே தெரிந்தது. டெகுபாஜ் கலையின் இலக்கு இன்றும் அதுதான்: தடவிப் பார்த்தால் காகிதத்தின் விளிம்பு விரலில் தட்டக் கூடாது. முதல் முயற்சிக்கு மூடி போட்ட சிறிய மரப்பெட்டி ஏற்றது.

தேவையானவை

மரப்பெட்டி, உப்புத்தாள் (150, 400, 600 எண்கள்), பிரைமர், அக்ரிலிக் பெயின்ட், ஃபெவிகால், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ், மென்மையான தட்டைப் பிரஷ், கூர்மையான சிறு கத்தரிக்கோல், பழைய பருத்தித் துணி.

1. பெட்டியைத் தயார் செய்யுங்கள்

150 எண் உப்புத்தாளால் மரத்தின் இழை போகும் திசையிலேயே தேய்த்து, தூசியைத் துடையுங்கள். ஒரு பூச்சு பிரைமர், அது காய்ந்ததும் இரண்டு பூச்சு பெயின்ட் அடியுங்கள்.

2. காகிதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மெல்லிய காகிதமே நல்லது. பரிசுப்பொருள் சுற்றும் தாள், லேசர் பிரின்ட் எல்லாம் சரிவரும். இங்க்ஜெட் பிரின்ட் ஈரம் பட்டால் கசியும். டிஷ்யூ நாப்கினில் படம் உள்ள மேலடுக்கை மட்டும் பிரித்தெடுங்கள். அடிநிறம் ஊடுருவித் தெரியும் என்பதால் அதை வெளிர் நிறத்தின் மேல்தான் ஒட்ட வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை அட்டையிலுள்ள படம் பிடித்திருக்கிறதா? முன்பக்கம் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். பிறகு பின்பக்கத்தை லேசாக நனைத்து விரலால் உருட்டினால், அட்டை அடுக்கடுக்காக உரிந்து மெலிந்துவிடும்.

3. வெட்டுங்கள்

வெட்டுவதற்கு முன் தாளின் முகப்பில் மெல்லிய வார்னிஷ் பூச்சு ஒன்று அடித்தால், அது துவளாமல் நிற்கும். உள் இடைவெளிகளை முதலில் வெட்டுங்கள். வெளி விளிம்பு கடைசியில். கத்தரிக்கோலை நகர்த்தாமல் தாளைத் திருப்புங்கள். கத்தரிக்கோலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் விளிம்பு சரிவாக விழும். சரிந்த விளிம்பு பூச்சுக்குள் சீக்கிரம் மறையும்.

4. அடுக்கிப் பாருங்கள்

பசை தொடாமல் எல்லாத் துண்டுகளையும் பரப்புங்கள். பெரிய இலைகள் அடியில், பூக்கள் நடுவில், சிறிய மொட்டுகள் மேலே. அடுக்குவதன் வலிமைக்கு மேரி டிலேனி என்ற பெண்மணி செய்த காகிதப் பூக்களே சான்று. 1772-ல், எழுபது வயதைக் கடந்த பிறகு, கறுப்புத் தாளில் நுண்ணிய வண்ணத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தாவரப் படங்கள் செய்யத் தொடங்கினார். அவர் செய்த ஆயிரத்துக்குச் சற்றே குறைவான படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. உங்கள் அமைப்பு திருப்தியானதும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஒட்டுங்கள்

மூன்று பங்கு ஃபெவிகாலில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து, பெட்டியின் மேல் மெல்லிதாகத் தடவுங்கள். துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஈரத்துணியால் ஒத்தி அழுத்துங்கள். ஓரம் தூக்கினால் தீக்குச்சி முனையால் பசை செலுத்துங்கள். காய்ந்த பிறகு குமிழ் தெரிந்தால், பிளேடால் சிறு கீறலிட்டு உள்ளே பசை விட்டு அழுத்தினால் போதும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

6. வார்னிஷ் அடியுங்கள்

இந்தக் கட்டத்தில்தான் பொறுமை வேண்டும். மெல்லிய பூச்சாக, ஒன்று நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில் அடியுங்கள். டப்பாவில் சொன்ன நேரம் காயவிடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. ஈரம் உள்ளே சிக்கினால் பூச்சு வெளிறி மங்கும்.

எட்டுப் பத்துப் பூச்சு ஆகும்வரை உப்புத்தாளைத் தொடாதீர்கள். படம் சுரண்டிப் போகும். அதன் பிறகு 400 எண் தாளைத் தண்ணீரில் நனைத்து மிக லேசாகத் தேய்த்து, துடைத்து, மீண்டும் பூசுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவுங்கள். விளிம்பு தட்டினால் இன்னும் பூச்சு வேண்டும். மரபான வேலைப்பாட்டில் இருபது, முப்பது பூச்சுகள்கூட உண்டு. இறுதியாக 600 எண் தாளால் தேய்த்து, கடைசிப் பூச்சு கொடுங்கள்.

பராமரிப்பு

சில வாரங்கள் கழிந்தால்தான் பூச்சு முழுதாக இறுகும். அதுவரை மேலே கனமான எதையும் வைக்க வேண்டாம். சாப்பாடு படும் பரப்பில் இந்த வேலை கூடாது. தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். வளையல், நூல்கண்டு, கடிதம் என்று தினமும் கையாளும் பொருள்களை இதில் தாராளமாக வையுங்கள். அந்தப் புழக்கத்தைத் தாங்கத்தான் இத்தனை பூச்சும்.