மார்பகப் பரிசோதனை: எது, எப்போது, எங்கே?

கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம் எருத்தேன்பதியிலோ வேலந்தாவளத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ இருக்கும் ஒரு பெண் மார்பகப் புற்றுநோய்க்குப் பரிசோதனை செய்துகொள்ள நினைத்தால், ஆளுக்கொரு வழி சொல்வார்கள். வீட்டிலேயே தடவிப் பார், நர்ஸிடம் காட்டு, ஸ்கேன் எடு, கோயம்புத்தூருக்குப் போய் மேமோகிராம் எடு என்பார்கள். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இப்போது உங்களுக்கு ஏதாவது மாற்றம் தெரிகிறதா?

மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோல் குழிவிழுதல், காம்பு புதிதாக உள்ளிழுத்தல், காம்பிலிருந்து ரத்தக் கசிவு என ஏதாவது ஒன்று இருந்தால் பரிசோதனை முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். "வலிக்கலையே, சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும்" என்ற நினைப்புதான் மாதக்கணக்கைத் தின்றுவிடுகிறது. ஆரம்பநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. மருத்துவர் கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முடிவு தெரியும். ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. மருத்துவரிடம் முதலில் காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கு.

எந்த மாற்றமும் இல்லாதவர்களுக்குத்தான் மற்ற வழிகளை ஒப்பிடும் வேலை.

சுயபரிசோதனைக்குச் செலவில்லை. ஆனால் ஷாங்காய் நெசவாலைகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்திய ஆய்வு, மாதந்தோறும் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததால் இறப்பு குறையவில்லை என்று 2002-இல் சொன்னது. புற்றல்லாத கட்டிகளுக்கு ஊசியும் கத்தியும்தான் கூடின. உங்கள் உடம்பின் வழக்கமான நிலையைத் தெரிந்து வைத்திருங்கள், மாற்றம் தெரிந்தால் உடனே போங்கள். அதையே பரிசோதனை என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.

நம் பக்கத்துப் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர் கையால் செய்யும் பரிசோதனை. அதற்கான சான்று கேரளத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 2006-இல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 69 வயது வரையிலான 1,15,652 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 2011-இல் வந்த முதல்கட்ட முடிவின்படி, இப்படிப் பரிசோதிக்கப்பட்ட குழுவில் நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு அது ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டது. மற்ற குழுவில் 25 பேருக்குத்தான். 1998-இல் மும்பையில் தொடங்கிய இன்னொரு ஆய்வு, 50 வயதைக் கடந்த பெண்களிடம் இந்த முறையால் மார்பகப் புற்று இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. அதற்குக் குறைந்த வயதினரிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை. ஒன்றிய அரசின் 2016 வழிகாட்டுதல் 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்கிறது. 2025 பிப்ரவரி 4 அன்று கேரளம் தொடங்கிய 'அகற்றாம் அர்புதம்' (புற்றுநோயை அகற்றுவோம்) இயக்கமும் பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனையைத்தான் முன்வைத்தது.

ஆனால் சரியாகச் செய்தால்தான் பலன். உட்கார வைத்தும் படுக்க வைத்தும் மூன்று விரல்களின் பரப்பால் காறை எலும்பிலிருந்து அக்குள் வரை தடவ வேண்டும். சேலைக்கு மேல் தொட்டுவிட்டு "ஒண்ணுமில்ல" என்றால் அது பரிசோதனை அல்ல. சரியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மேமோகிராம் கைக்குத் தட்டுப்படாத சிறு புற்றையும் காட்டும். பிரிட்டனில் இதற்கு 50 வயதிலிருந்துதான் அழைக்கிறார்கள். ஆனால் நம் நாட்டில் நாற்பதுகளிலேயே ஏராளமான பெண்களுக்கு இந்நோய் வருகிறது. இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படத்தில் சில கட்டிகள் மறைந்துபோகும் என்பதும் உண்மை. ஆகவே 50-க்கு மேல் வசதி இருந்தால் இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுங்கள். நாற்பதுகளில் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ வந்திருந்தால் அந்தப் பேச்சை முன்பே தொடங்குங்கள். போகும் நாளில் அக்குளில் பவுடர் வேண்டாம், அது படத்தில் புள்ளியாக விழலாம்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், கட்டியுடன் வரும் இளம்பெண்ணுக்கு நல்ல முதல் படம். தொந்தரவே இல்லாதவருக்கு அது மேமோகிராமுக்கு ஈடாகாது. உடல் வெப்பத்தைப் படமெடுக்கும் முகாம்களையும் மேமோகிராமின் இடத்தில் வைக்க வேண்டாம்.

எங்கே போவது? கைப் பரிசோதனைக்கு ஊர் சுகாதார நிலையமே போதும். மேற்கொண்டு போக வேண்டியிருந்தால், கோவை பக்கம் என்று ஓடும் முன் உங்கள் காப்பீட்டு அட்டையைப் பாருங்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு அந்த மாநிலக் குடும்ப அட்டைக்காரர்களுக்கானது. கேரள ரேஷன் கார்டு வைத்திருப்பவர், தன் காருண்யா காப்பீட்டு அட்டை எங்கே செல்லும் என்று முதலில் விசாரிக்க வேண்டும். சிகிச்சை பல மாதம் இழுக்கும், பாதியில் பணம் தீர்ந்து நிற்பது ஆபத்து. மருத்துவமனை மாறினால் அறிக்கைத் தாளோடு சதை எடுத்த ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முப்பது தாண்டிய நீங்கள் இதுவரை யாரிடமும் காட்டியதில்லை என்றால், அடுத்த முறை ஆஷா பணியாளர் வாசலுக்கு வரும்போது பரிசோதனைக்கு எந்த நாளில் சுகாதார நிலையத்துக்கு வரலாம் என்று கேட்டுவிடுங்கள். உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.