முழங்கை வலிக்குதா, கண்ணா?

"பையன் ஸ்கூல் டீம்ல பிட்சர் ஆயிட்டான்மா!" அமெரிக்காவிலிருந்து மகள் போனில் பூரித்துப் போகிறாளா? சந்தோஷப்படுங்கள். கையோடு, "ஒரு நாளைக்கு எத்தனை பந்து எறியறான்?" என்றும் கேட்டுவிடுங்கள்.

நம் கிரிக்கெட்டில் பௌலர் மாதிரி, அங்கே பேஸ்பாலில் பிட்சர். பௌலர் ஓடி வந்து, முழங்கையை மடக்காமல் கையைச் சுழற்றுவார். பிட்சருக்கு ஓட்டம் கிடையாது. நின்ற இடத்திலிருந்து, முழங்கையை மடக்கி, சாட்டை மாதிரி விசிறணும். ஒவ்வொரு விசிறலிலும் முழங்கையின் உள்பக்கம் இழுபடும். பத்து, பன்னிரண்டு வயதில் அங்கே எலும்பு முற்றியிருக்காது. வளரும் குருத்துதான் இருக்கும். ஓயாமல் இழுபட்டால் அது நோகும், சமயத்தில் எலும்பிலிருந்து விலகவும் செய்யும். சிறுவர் பேஸ்பால் அமைப்பான 'லிட்டில் லீக்' பெயரையே இந்த வலிக்கு வைத்துவிட்டார்கள் டாக்டர்கள்!

எறியும் வேகம் காலில் பிறக்கிறது. முன்கால் கேட்சரை நோக்கி ஊன்ற, இடுப்பு திரும்ப, பிறகு தோள், கடைசியில்தான் கை. கால் ஊன்றும்போது முழங்கை தோள் மட்டத்துக்கு வந்திருக்கணும். பிள்ளை களைத்துவிட்டால் காலும் இடுப்பும் ஒத்துழைக்காது. வெறும் கையால் எறிவான், முழங்கை கீழே தொங்கும். ஓரமாக உட்கார்ந்து பார்க்கிற அம்மாவுக்கே இது தெரியும்.

அதனால்தான் 2007 முதல் லிட்டில் லீக்கில் பந்தை எண்ணுகிறார்கள். 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75. 11, 12 வயதுக்கு 85. அதிலும் 66-ஐத் தொட்டுவிட்டால் நான்கு நாள் ஓய்வு. ஆனால் பையன் இரண்டு டீமில் ஆடினால்? ஒரு கோச்சின் கணக்கு இன்னொருவருக்குத் தெரியாது. கூட்டிப் பார்ப்பது வீட்டு வேலை. வளைந்து போகிற 'கர்வ்' பந்துக்கும் அவசரம் வேண்டாம். நேர்ப்பந்து படியட்டும்.

வலித்தாலும் பையன் சொல்ல மாட்டான். டீமை விட்டு எடுத்துடுவாங்களோ என்று பயம். கையை முழுசாக நீட்டத் தயங்குகிறானா, முழங்கையின் உள்பக்க எலும்பைத் தொட்டால் முகம் சுளிக்கிறானா என்று பாருங்கள். தைலம் தடவி, மாத்திரை கொடுத்து அடுத்த மேட்சுக்கு அனுப்புவது மகா தப்பு. எலும்பு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கவனித்தால், பெரும்பாலும் சில வாரங்கள் எறியாமல் இருந்தாலே ஆறிவிடும். அப்புறமும் கிட்டத்தில் நின்று மெதுவாக எறிந்து, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டணும். அதுவரை பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருப்பான். இருக்கட்டும்.