இளங்குட்டிகளுக்கு மயக்க மருந்து: வலிப்பைத் தவிர்க்கும் வழிகள்

வெள்ளாட்டுக் குட்டிகளின் கொம்புக் குருத்தைச் சுட்டு நீக்குவதாயின், பிறந்த இரண்டு வாரத்திற்குள் நீக்குவது நல்லது. வலி தெரியாதிருக்க மரத்துப்போகும் மருந்தும், குட்டி அசையாதிருக்க மயக்க மருந்தும் தரப்படுகின்றன. அளவு மிகுந்தால் இவை மூளையைத் தாக்கிக் குட்டியின் உயிரையே பறிக்கும்.

வலிப்பு ஏன் வருகிறது?

மூளையில் தூண்டும் செல்களும், அவற்றை அடக்கும் செல்களும் உள்ளன. லிக்னோகெயின் மருந்து இரத்தத்தில் மிகுந்தால் அடக்கும் செல்கள் முதலில் செயலிழக்கின்றன. தூண்டும் செல்கள் கட்டுப்பாடின்றி இயங்குவதால் வலிப்பு உண்டாகிறது. இளங்குட்டியின் கல்லீரல் முழு வளர்ச்சி பெறாததால் மருந்து உடலில் நெடுநேரம் தங்கும்.

அளவு

வெள்ளாட்டில் ஒவ்வொரு கொம்புக்கும் இரண்டு நரம்புகள் செல்வதால் நான்கு இடங்களில் ஊசி போட வேண்டும். அளவு மீறுவது இங்கேதான். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லி கிராமுக்கு மேல் போகாதிருப்பது பாதுகாப்பானது. 2 சத மருந்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 மில்லி கிராம் உள்ளது. எனவே 2 கிலோ குட்டிக்கு நான்கு இடங்களுக்கும் சேர்த்து அரை மில்லி லிட்டரே உச்ச அளவு. இதனுடன் மருத்துவர் அதே அளவு உப்புக் கரைசலைக் கலந்து, இடத்திற்குக் கால் மில்லி லிட்டர் வீதம் போடுவார்.

அமைதியூட்டும் மருந்துகள்

டயாசிபாம் மூளையின் அடக்கும் ஆற்றலை வலுப்படுத்தி வலிப்பை நிறுத்தும். கீட்டமைனைத் தனியே தந்தால் தசைகள் விறைக்கும்; ஆகவே டயாசிபாமுடன் சேர்த்துத் தருவது வழக்கம். சைலசின் குதிரைக்குத் தரும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டிற்குப் போதும். வெள்ளாடு அதனினும் எளிதில் பாதிக்கப்படும். அளவு மிகுந்தால் மூச்சு அடங்கிவிடும். ஆழ்ந்த மயக்கத்தில் உடல் துடிக்காமலே மூளையில் வலிப்பு நிகழக்கூடும் என்பதால், குட்டி அசையாமல் கிடப்பதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. குட்டியைக் கண்மதிப்பாக அன்றி, தராசில் எடை போட்டுச் சொல்லுங்கள்.

2. பாலை நெடுநேரம் நிறுத்தாதீர்கள். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் வலிப்பு வரும்.

3. மயக்கம் தெளியும்வரை காய்ந்த சாக்கில் கிடத்தி, குளிர் தாக்காமல் காத்திடுங்கள்.

4. காது துடித்தல், தசை நடுக்கம் கண்டவுடன் மருத்துவரிடம் கூறுங்கள்.

5. குட்டியின் மண்டையோடு மெல்லியது. சூட்டுக்கோலை நீடித்து அழுத்தினால் மூளை பாதிக்கப்பட்டுப் பின்னர் வலிப்பு வரலாம்.

இம்மருந்துகளைக் கடையில் வாங்கி நீங்களே போடுவது ஆபத்து. கால்நடை மருத்துவரைக் கொண்டே இதனைச் செய்து, குட்டி இழப்பைத் தவிர்த்துப் பயன் பெறுங்கள்.