தாலி கட்டியாச்சு, பாஸ் எடுத்தாச்சா?



இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. வெளிநாட்டைச் சேர்ந்த ஒருவரைக் கைப்பிடிக்கும் மலேசியர், தன் துணைக்கு இங்கே நிரந்தர வசிப்பிடத் தகுதி, அதாவது நாம் எல்லாரும் சொல்லும் 'பிஆர்', வாங்கித் தருவது எப்படி என்று படிக்கப் போகிறோம். "எனக்கு இன்னும் கல்யாண வயசே வரல, இது எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் தாமான்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த மருமகள் இல்லாத தெரு குறைவு. வீட்டில் பாரம் நிரப்பத் தெரிந்தவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் நாம்தான்.

எனக்கு இது எப்படித் தெரியும்? என் பெரியம்மா மகனுக்குத் திருச்சிப் பக்கம் பெண் எடுத்தார்கள். 2013-இல் அங்கே கோயிலில் கல்யாணம். கையில் இருந்தது கோயில் ரசீதும் ஆல்பமும்தான். "பேப்பர் வேலையெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்" என்றார் அண்ணன். அந்தப் 'பிறகு' இரண்டு வருடம் ஆனது. அதுவரை அண்ணி ஊரிலேயே இருந்து, வருகையாளராக வந்து வந்து போனார். 2015-இல்தான் நீண்டகால பாஸ் கிடைத்தது. 2018-இல் அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, ஊருக்குப் போனவர் பல மாதம் தங்கிவிட்டார். பாஸ் காலாவதியானதை யாரும் கவனிக்கவில்லை. மறுபடியும் புது பாஸ். "கல்யாணமாகி அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சே, பிஆர் போடலாமா?" என்று கௌண்டரில் கேட்டபோது, அதிகாரி கல்யாணத் தேதியைப் பார்க்கவே இல்லை. பாஸ் தேதியைப் பார்த்தார். புது பாஸிலிருந்து எண்ணிவிட்டு, "இன்னும் அஞ்சு வருஷம்" என்றார்.

இந்தப் பாடத்தின் சாரம் அதுதான்: சட்டத்தின் கடிகாரம் தாலி கட்டிய நாளில் ஓட ஆரம்பிப்பதில்லை. நாம்தான் அதை ஓடவிட வேண்டும்.

முதல் படி: திருமணப் பதிவு

அக்கினி சாட்சியாகத் தாலி கட்டி, ஏழு அடி நடந்தால் நம் சமயப்படி திருமணம் முடிந்தது. மலேசியச் சட்டப்படி முடியவில்லை. 1976-ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். தேசியப் பதிவுத் துறை, நம் வழக்கில் ஜேபிஎன், இதைச் செய்கிறது. சில கோயில்களிலும் சங்கங்களிலும் அரசு நியமித்த உதவிப் பதிவாளர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் பதியலாம்.

கல்யாணம் இங்கே நடப்பதாக இருந்தால், முதலில் ஜேபிஎன்னில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு 21 நாள் பார்வைக்கு வைக்கப்படும். எனவே முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் போய் நின்றால் நடக்காது. வெளிநாட்டவர் கடப்பிதழோடு, தான் திருமணமாகாதவர் என்பதற்குத் தன் நாட்டின் சான்றையும் காட்ட வேண்டும். இன்னொரு விஷயம்: தற்காலிக வேலை பாஸில், அதாவது பிஎல்கேஎஸ்ஸில், வந்திருக்கும் தொழிலாளர் இங்கே திருமணம் செய்துகொள்ள அந்த பாஸின் விதி அனுமதிப்பதில்லை. உணவகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பார்ப்பவரை விரும்பும் நண்பர்கள் இதைத் தேதி குறிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்யாணம் தமிழ்நாட்டில் நடந்தால் இரண்டு பதிவு. ஒன்று அங்கே. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கையோடு அந்தச் சான்றிதழுக்கு இந்திய வெளியுறவு அமைச்சின் சான்றொப்பமும் மலேசியத் தூதரகத்தின் சான்றொப்பமும் வாங்கிவிடுவது நல்லது. சென்னையிலேயே மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. மாப்பிள்ளை விமானம் ஏறிய பிறகு இதை எல்லாம் செய்வது பெரிய அலைச்சல். இரண்டாவது பதிவு நம் நாட்டுக்கு. வெளிநாட்டில் மணந்த மலேசியர் 6 மாதத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்குள் நாடு திரும்பிவிட்டால், வந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் இங்கே பதியலாம். தாமதித்தால் அபராதம்.

பதியாமல் விட்டால் யாருக்குப் பாதிப்பு?

கணவன் மனைவிக்கு மட்டும் இல்லை, பிள்ளைக்கு. இதை இரண்டு முறை படியுங்கள். பெற்றோர் திருமணம் சட்டப்படி பதிவாகாமல் குழந்தை பிறந்தால், நம் அரசியலமைப்பின்படி அந்தக் குழந்தையின் குடியுரிமைக்குத் தாயைத்தான் பார்ப்பார்கள். அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர் என்றால், இங்கே நம் மருத்துவமனையிலேயே பிறந்த பிள்ளையும் குடிமகன் ஆவதில்லை.

"பிறகு பதிஞ்சுக்கிட்டா சரியாயிடாதா?" என்று கேட்கலாம். 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மலேசியத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் அங்கே பிறந்த பிள்ளை. பிள்ளை பிறந்து சில மாதம் கழித்துத்தான் பெற்றோர் மணந்தார்கள். நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பானது. மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்றாலும் தீர்ப்பு தீர்ப்புதான். பெற்றவர்கள் தள்ளிப்போட்டதற்கு, ஒரு தப்பும் செய்யாத பிள்ளை பள்ளிக்கூடத்திலும் கிளினிக்கிலும் பதில் சொல்ல வேண்டி வருகிறது.

இரண்டாம் படி: நீண்டகால பாஸ்

திருமணச் சான்றிதழ் கைக்கு வந்ததும் குடிநுழைவுத் துறைக்குப் போய் நீண்டகாலச் சமூக வருகை பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மலேசியத் துணைதான் ஆதரவாளர், 'ஸ்பான்சர்'. இருவரும் சேர்ந்து போக வேண்டும்.

மூன்று விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பிஆருக்கான கணக்கு இந்த பாஸிலிருந்துதான் தொடங்குகிறது. வருகையாளராக வந்து போன மாதங்கள் அதில் சேராது.

இரண்டு, பாஸ் இருந்தாலே வேலைக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. குடிநுழைவுத் துறையிடம் வேலை அனுமதி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் அண்ணி பி.காம். படித்தவர். இப்படி ஓர் அனுமதி கேட்கலாம் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாமல் பல வருடம் சும்மா இருந்தார்.

மூன்று, பாஸ் முடியும் தேதியை இரண்டு பேர் கைத்தொலைபேசியிலும் போட்டு வையுங்கள். மூன்று மாதத்துக்கு முன்பே மணி அடிக்கட்டும். கடப்பிதழ் முடியும் தேதியையும் கூடவே போடுங்கள். கடப்பிதழ் செத்துப்போனால் பாஸைப் புதுப்பிக்க முடியாது.

மூன்றாம் படி: பிஆர் விண்ணப்பம்

நீண்டகால பாஸில் தொடர்ச்சியாக 5 ஆண்டு இங்கே வசித்த பிறகு, குடிமகனின் துணை 'பெர்மிட் மாசோக்' எனப்படும் நுழைவு பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பிஆருக்கான சட்டப் பெயர் அதுதான். 'தொடர்ச்சியாக' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். எங்கள் வீட்டில் தவறியது அந்த ஒரு சொல்லில்தான்.

விண்ணப்பத்தோடு திருமணச் சான்றிதழ், இருவர் பிறப்புப் பத்திரம், ஆதரவாளரின் அடையாள அட்டை, கடப்பிதழின் நகல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வருமானச் சான்று எல்லாம் போக வேண்டும். தமிழில் இருக்கும் பத்திரங்களுக்கு மொழிபெயர்ப்பும் வேண்டும். நேர்காணலுக்குக் கூப்பிடலாம். உண்மையாகவே சேர்ந்து வாழ்கிறார்களா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. பெயர் எழுத்துகளில் கவனம் தேவை. நம் ஆட்களுக்கு அப்பா பெயர் ஒரு பத்திரத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மற்றொன்றில் முதலெழுத்தாக மட்டும் இருக்கும். அதை முன்பே சரிசெய்யுங்கள்.

ஐந்து வருடம் முடிந்தால் தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். தகுதி வந்தது, அவ்வளவுதான். முடிவு அரசாங்கத்தின் கையில். பதில் வர வருடங்களும் ஆகலாம். அதுவரை நீண்டகால பாஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கீகாரம் வந்தால் ஜேபிஎன்னில் மைபிஆர் அட்டை எடுக்க வேண்டும். நாம் 'சிவப்பு ஐசி' என்று சொல்வது அதைத்தான்.

பிஆர் வேறு, குடியுரிமை வேறு

சிவப்பு ஐசி கிடைத்தவர் இங்கே வாழலாம், தனி அனுமதி இல்லாமல் வேலை செய்யலாம். ஓட்டுப் போட முடியாது, மலேசியக் கடப்பிதழும் கிடையாது. வெளிநாடு போய்வர மறுநுழைவு பெர்மிட் வேண்டும்.

குடியுரிமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இருக்கிறது. மலேசிய ஆணின் வெளிநாட்டு மனைவி, அரசியலமைப்பின் 15(1) பிரிவின்கீழ், மனைவி என்ற முறையில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மலேசியப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவருக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. அவர் மற்ற வெளிநாட்டவரைப் போல 19-ஆம் பிரிவின்கீழ், பத்தாண்டுக்கும் மேலான வசிப்புக் கணக்கைக் காட்டித்தான் வர வேண்டும். ஆகவே நம் சகோதரிகளின் கணவர்மார்களுக்கு பிஆர் இன்னும் முக்கியமானது. பல குடும்பங்களில் ஆயுசு முழுக்கக் கையில் இருக்கப் போவது அந்தச் சிவப்பு அட்டைதான்.

ஏன் இவ்வளவு அவசரம்?

2021-இல் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. அவர் வார்டில் பேச முடியாமல் படுத்திருந்த நேரத்தில்தான் அண்ணியின் பாஸ் முடியும் மாதமும் வந்தது. ஆதரவாளர் நேரில் வர வேண்டும். அண்ணி மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் லெட்டர்களோடு நடந்தார். கடைசியில் புதுப்பித்துக் கொடுத்தார்கள், நல்ல மனிதர்கள். அந்த வாரம் அண்ணி என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கு: "தம்பி, அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் இங்க யாரு?"

நான் பொறியியல் படிக்கிறேன். எல்லாப் பாரத்தையும் என்னால் நிரப்ப முடியும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நீண்டகால பாஸ் கணவனையோ மனைவியையோ சார்ந்து நிற்பது. மரணமோ மணவிலக்கோ வந்தால் அந்தப் பாஸின் அடித்தளமே ஆடிப்போகும். பிஆர் அவரவர் பெயரில் நிற்பது. அதுதான் வித்தியாசம்.

திருமணச் சடங்கில் பாணிக்கிரகணம் என்று ஒன்று உண்டு, கையைப் பிடிப்பது. தன் ஊரையும் தாய் தகப்பனையும் விட்டு வந்தவரின் கையைப் பிடித்தோம் என்றால், அவர் காலடியில் ஓர் உறுதியான நிலம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அந்தச் சடங்கின் பகுதிதான். சில வீடுகளில் மருமகளின் கடப்பிதழை மாமியார் பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். "பிஆர் கிடைச்சா விட்டுட்டுப் போயிடுவா" என்று விண்ணப்பமே போடாமல் இருப்பவர்களும் உண்டு. அது குடும்பத்தைக் காப்பது ஆகாது. பயத்தில் ஒருவரை நிறுத்தி வைப்பதற்கு இல்லறம் என்று பெயர் கிடையாது.

அண்ணன் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். 2023 கடைசியில் ஐந்து வருடம் முடிந்தது. அடுத்த ஆண்டு பிஆர் விண்ணப்பம் போட்டாச்சு. பதில் இன்னும் வரவில்லை. அண்ணி நீல நிறக் கோப்பு ஒன்றை சாமி அறையிலேயே வைத்திருக்கிறார். விளக்கேற்றும்போது அதற்கும் ஒரு பூ வைக்கிறார்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. உங்கள் வீட்டிலோ தாமானிலோ வெளிநாட்டுத் துணை உள்ள ஒரு குடும்பத்தைக் கேளுங்கள்: திருமணம் ஜேபிஎன்னில் பதிவாகி இருக்கிறதா? பாஸ் எப்போது முடிகிறது? கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது?

2. அவர்களுக்கு ஒரு கோப்பு தயார் செய்து கொடுங்கள். மூலப்பத்திரம் தனி, நகல் தனி. ஒவ்வொரு பாஸின் தொடக்கமும் முடிவும் ஒரு தாளில் வரிசையாக எழுதி முன்னால் வையுங்கள். ஐந்து வருடக் கணக்கு ஒரே பார்வையில் தெரியும்.

3. கட்டணமும் பாரமும் அவ்வப்போது மாறும். போகுமுன் குடிநுழைவுத் துறையிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். "கொஞ்சம் காசு கொடுத்தா சீக்கிரம் முடிச்சுத் தரேன்" என்று வரும் ஏஜண்டை நம்ப வேண்டாம். விண்ணப்பத்தை நாமே கொடுக்கலாம்.

4. கிளைக் கூட்டத்தில் பேசுங்கள்: நம் கோயிலில் கல்யாணத் தேதி கேட்டு வரும் ஒவ்வொரு ஜோடியிடமும் "பதிவு ஆச்சா?" என்று கேட்க ஓர் ஏற்பாடு செய்ய முடியுமா?

மணவறை ஜோடிக்க நாம் போகிறோம், பந்தியில் பரிமாறவும் போகிறோம். இனி ஒரு பாரம் நிரப்பிக் கொடுக்கவும் போவோம். அதுவும் தொண்டுதான்.